குரலுக்கும் ஒரு ஸனது

அம்பத்தூரில் எங்கள் பள்ளிவாசலில் ஒருநாள் இஷா தொழுகை முடிந்து, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த நேரம். தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர், தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்தப் பிள்ளை என்னிடம் ஆறாண்டுகள் மாலை மதரஸாவில் ஓதியவன். இயல்பாகவே நல்ல குரல். ரபீஉல் அவ்வல் மாதத்தில் மவ்லிது ஓதும்போது முன் வரிசையில் அவனைத்தான் உட்கார வைப்போம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தான்.

"ஹஜரத், இவன் அரசு இசைக் கல்லூரியில் சேர வேண்டுமாம். குரலிசையைத்தான் முதன்மைப் பாடமாக எடுப்பானாம். பாட்டுப் படித்தால் சோறு கிடைக்குமா? அதுகூடப் போகட்டும், நாளை ஜமாஅத்தில் நாலுபேர் என்ன பேசுவார்கள்? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்" என்றார் தந்தை. பிள்ளை தலை குனிந்து நின்றான்.

நான் உடனே விடை சொல்லவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் ஆவடியிலிருந்து ஒரு தந்தை இதே கேள்வியோடு என்னிடம் வந்தார். அவர் மகன் வயலின் கற்க விரும்பினான். அன்று நான் எதையும் ஆராயவில்லை. எந்த நூலையும் புரட்டவில்லை. "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிட்டேன். பல்லாண்டுகள் கழித்து ஆவடி ரயில் நிலையத்தில் அந்த மகனைச் சந்தித்தேன். நல்ல வேலையில் இருந்தார். மரியாதையோடு ஸலாம் சொல்லிவிட்டு, "ஹஜரத், இப்போது யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வீர்களா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. என்னிடம் விடையும் இல்லை.

ஆகவே, இம்முறை அந்த ஒரு வாரத்தையும் நூல்களோடு கழித்தேன். ஒரு குரலையோ ஒரு கருவியையோ முதன்மையாகக் கொண்டு முறையாகக் கற்கும் கல்வி எப்படித் தோன்றியது, எவரெவர் அதன் கதவைத் திறந்தனர், அதில் நம்மவர்க்குப் பங்குண்டா என்று தேடினேன். அந்தத் தேடலில் கண்டவற்றை நேயர்கள் முன் வைக்கிறேன்.

தொண்டையில் தொடங்கும் கல்வி

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திருக்குர்ஆன் ஓதுதலை இசை என்று கூறுவது என் நோக்கமன்று. அதன் தகுதி வேறு. அதன் ஒழுங்கு வேறு. ஆயினும், மனிதக் குரலை ஆசான் முன் அமர்ந்து பண்படுத்திக்கொள்வது எத்துணைக் கடினம் என்பதை நம் இல்லங்கள் தஜ்வீதுக் கலை வழியாக அறிந்திருக்கின்றன. அந்த அறிவு இங்கே நமக்குத் துணையாகும்.

அரபு மொழியின் முதல் அகராதியான 'கிதாபுல் ஐன்' என்னும் நூலை வகுத்தவர் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத். அவர் எழுத்துகளை அலிஃப், பே என்ற வழக்கமான வரிசையில் அடுக்கவில்லை. தொண்டையின் ஆழத்திலிருந்து பிறக்கும் எழுத்துகளில் தொடங்கி, படிப்படியாக உதடுவரை வந்தார். 'ஐன்' என்ற தொண்டையெழுத்தே நூலின் பெயராயிற்று. அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே. இராகத்தைப் பற்றியும் தாளத்தைப் பற்றியும் அவர் நூல்கள் எழுதியதாக இப்னு நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலில் குறிக்கிறார். அவை நம் கைக்கு வந்து சேரவில்லை. பின்னாளில் தஜ்வீதின் பேரறிஞர் இப்னுல் ஜஸரீ (ரஹ்) (ஹிஜ்ரி 751-833), கலீலின் வழியையே பின்பற்றி, எழுத்துகள் பிறக்கும் இடங்களான மக்ரஜுகள் 17 என வகுத்துத் தந்தார்.

நம் தொல்காப்பியரும் பிறப்பியலில் இதையே செய்தார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களில் பொருந்தி எழுத்தாகிறது என்பது அவர் கண்ட முறை. இவ்விரு மரபிலும் குரலைப் பற்றிய அறிவு உடலிலிருந்தே தொடங்குகிறது.

இந்த 17 மக்ரஜுகளையும் நூலில் படித்து மனனம் செய்துவிடலாம். ஆனால் 'ளாது' என்னும் எழுத்தை நூல் பார்த்து எவரும் சரியாக உச்சரித்ததில்லை. உஸ்தாது ஓதிக் காட்ட வேண்டும். மாணவன் அவர் வாயைப் பார்த்து ஓத வேண்டும். அவர் "இல்லை, மறுபடி" என்று நூறு முறை சொல்ல வேண்டும். இதனால்தான் நம் முன்னோர் நூலறிவோடு நில்லாமல் இஜாஸாவை வற்புறுத்தினர். இன்னார் இன்னாரிடம் ஓதினார், அவர் இன்னாரிடம் ஓதினார் என்று தொடரும் ஸனது, ஒரு குரல் இன்னொரு குரலிடமிருந்து பெற்றுக்கொண்டதற்கான சான்று.

இசைக் கல்வியும் இதே இயல்புடையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவுகூர்க. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அங்கே ஆடலாசானுக்கும் இசையாசிரியனுக்கும் தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்க்கும் தனித்தனியே இலக்கணம் கூறப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆசான் வேண்டும் என்ற எண்ணம் அன்றே இந்நாட்டில் வேரூன்றியிருந்தது.

குர்துபாவில் ஒரு தேர்வு

மாணவரைத் தேர்ந்தெடுத்து, நிலை நிலையாகக் குரலிசை கற்பித்த ஒரு கல்விக்கூடத்தின் வரலாறு முஸ்லிம் ஸ்பெயினில் கிடைக்கிறது. அபுல் ஹஸன் அலீ இப்னு நாஃபிஉ என்பவர், ஸிர்யாப் என்ற பெயரால் புகழ்பெற்றவர். பக்தாதில் இஸ்ஹாக் அல்மவ்ஸிலீயிடம் கற்றவர். மாணவரின் திறமை கண்டு ஆசிரியர் பொறாமை கொண்டதால் அவர் பக்தாதை விட்டு வெளியேற நேர்ந்தது என்று கூறுவர். கி.பி. 822இல் குர்துபா நகரை அடைந்தார். அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரை ஆதரித்தார். ஊத் என்னும் வீணைக்கு ஐந்தாவது தந்தி சேர்த்தவரும், மரத்துண்டுக்குப் பதிலாகக் கழுகின் இறகினால் அதை மீட்டியவரும் அவரே.

ஸிர்யாப் மாணவரைத் தேர்ந்த முறையை வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதி வைத்திருக்கிறார். மாணவனை ஒரு தோல் மெத்தையில் உட்கார வைத்து, குரலை முழு வலிமையோடு எழுப்பச் சொல்வார். குரல் மெலிந்திருந்தால் தலைப்பாகைத் துணியை இடுப்பில் இறுகக் கட்டச் செய்வார். பற்களைக் கடித்துக்கொண்டு பாடும் வழக்கம் இருந்தால், வாயில் ஒரு சிறு மரத்துண்டை வைத்துத் தாடையை அகலச் செய்வார். பிறகு உரத்துக் கூவச் சொல்லியும், 'ஆ' என்று நீட்டச் சொல்லியும் கேட்பார். தடையின்றித் தெளிவாக ஒலித்தால் சேர்த்துக்கொள்வார். இல்லையேல் திருப்பி அனுப்பிவிடுவார். சேர்ந்தவர்க்கு முதலில் தஃப் கொட்டிச் சொல்லும் தாளமும்; அடுத்து எளிய மெட்டு; இறுதியிலேயே நுணுக்கங்களும் அலங்காரமும்.

நேயர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை, பிறகு இராக ஆலாபனை என்று ஏறும் படிகளும் இவ்வாறே அமைந்தவை. எளியதைத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய பிறகே அரியது கைகூடும். காயிதாவை முடிக்காமல் ஜுஸ்உவுக்குத் தாண்டிய பிள்ளையின் கதி என்னவென்று மதரஸா ஆசிரியர்கள் அறிவார்கள்.

கதவுக்கு வெளியே நின்றவர்

ஆயின், ஆசான் ஒருவரைச் சார்ந்தே நடக்கும் கல்விக்கு ஒரு குறை உண்டு. ஆசான் கதவைச் சாத்திவிட்டால் மாணவனுக்கு வேறு வழியில்லை. இந்திய இசை வரலாற்றில் வித்தையைத் தம் குடும்பத்துக்குள் பூட்டி வைத்தவர் பலர். குலம், குடும்பம், பிறப்பு என்ற பூட்டுகள் ஒரு புறம். பெண்பிள்ளைகளுக்கு இட்ட பூட்டு மறுபுறம்.

இந்தப் பூட்டைத் திறந்தவர்களுள் முன்னணியில் நிற்பவர் ஒரு முஸ்லிம் என்பது நம் இல்லங்களில் பலருக்குத் தெரியாது. அவர் மௌலா பக்ஷ் (1833-1896). அவருடைய இளமையைப் பற்றிக் குடும்பத்தார் வழியாக ஒரு செய்தி வழங்குகிறது. கஸீட் கான் என்ற பெரும் பாடகர் எவருக்கும் கற்பிப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். இளைஞர் மௌலா பக்ஷ் அவ்வீட்டுக் காவலாளியோடு நட்புக் கொண்டு, இரவுதோறும் வாயிலில் அமர்ந்து, உள்ளே நடக்கும் சாதகத்தைக் கேட்டு வந்தார். கேட்டதைத் தம் இருப்பிடத்தில் பாடிப் பழகினார். ஒருநாள் அவ்வழியே சென்ற கஸீட் கான் தம் இசையே பிறர் வீட்டிலிருந்து வருவதைக் கேட்டுத் திகைத்தார். செய்தி அறிந்தபின் உறுதியைத் தளர்த்தி அவரைச் சீடராக ஏற்றார்.

பிற்காலத்தில் மௌலா பக்ஷ் தெற்கே வந்து கருநாடக இசையையும் கற்றார். மைசூர் அரசரால் சிறப்பிக்கப்பெற்றார். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் ஆதரவில் 1886இல் அந்நகரில் ஓர் இசைப்பள்ளியை நிறுவினார். இசையைக் குறியீட்டில் எழுதும் முறை ஒன்றை வகுத்தார், பாடநூல்கள் வெளியிட்டார். அப்பள்ளியே வளர்ந்து இன்று பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவாக நிலைத்திருக்கிறது. மேலைநாடுகளில் சூஃபி ஞானத்தைப் பரப்பிய ஹஸ்ரத் இனாயத் கான் (1882-1927) அவருடைய மகளின் பிள்ளை. அந்த வீட்டில் வளர்ந்தவர்.

கதவுக்கு வெளியே இரவெல்லாம் உட்கார்ந்து கற்ற மனிதர், தாம் பெரியவரானபின் கதவுள்ள வீட்டைக் கட்டவில்லை, பள்ளிக்கூடத்தைக் கட்டினார். இச்செய்தி என் உள்ளத்தை நெடுநேரம் ஆட்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1901இல் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். 1926இல் பாத்கண்டேயின் முயற்சியால் லக்னோவில் மாரிஸ் இசைக் கல்லூரி உருவாயிற்று.

மேலைநாட்டில் இசைக் கல்லூரியைக் 'கன்சர்வேட்டரி' என்பர். அச்சொல்லின் மூலம் இத்தாலி நாட்டில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் அச்சொல் யதீம் பிள்ளைகளைப் பாதுகாத்து வளர்க்கும் இல்லத்தைக் குறித்தது. அப்பிள்ளைகளுக்குப் பிழைப்புக்கு வழி வேண்டுமே என்று இசை கற்பித்தார்கள். நாளடைவில் பெயர் இசைப்பள்ளிக்கே உரியதாயிற்று. தந்தையிடமிருந்து வித்தையைப் பெற முடியாத பிள்ளைக்கும் ஊர் கூடி ஓர் ஆசானைத் தேடித் தருவதே இசைப்பள்ளியின் தொடக்கம். 1795இல் பாரிஸில் அரசே அத்தகைய கல்லூரியை நிறுவியபோது, ஒவ்வொரு கருவிக்கும் தனி ஆசிரியர், தனி வகுப்பு, தனித் தேர்வு என்ற முறை உறுதிப்பட்டது.

தமிழகத்தில் கல்லூரிகள்

தமிழகத்தில் இசையை எல்லார்க்கும் உரிய கல்வியாக ஆக்க முனைந்தவருள் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் முதலில் நினைக்கத்தக்கவர். கிறிஸ்தவரான இவர் 1912 முதல் தம் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக மறு ஆண்டு சென்னை இசைக் கழகமாகிய மியூசிக் அகாடமி தோன்றிற்று. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி கண்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1930களில் இசையைப் பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றச் செய்தார். நாடு விடுதலை பெற்றபின் 1949இல் சென்னையில் அரசின் மத்திய கருநாடக இசைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜேம்ஸ் பிராடி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடையாற்றங்கரையில் கட்டிய மாளிகை பின்னாளில் அக்கல்லூரியின் இருப்பிடமாயிற்று. இன்று அது தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி. 2013இல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்றே தமிழக அரசு ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியது.

இக்கல்லூரிகளின் பாடமுறை எளிதில் விளங்கக்கூடியது. சேர்கின்ற மாணவர் குரலிசை, வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், நாகசுரம், தவில் போன்றவற்றுள் ஒன்றை முதன்மைப் பாடமாகக் கொள்வார். அதுவே அவருடைய உயிர்நாடி. அதைச் சுற்றி இசை இலக்கணம், இசை வரலாறு, துணைப்பாடம் ஆகியவை அமையும். வீணை எடுத்தவருக்கும் பாடத் தெரிய வேண்டும். குரலிசை எடுத்தவருக்கும் தாளம் கையில் நிற்க வேண்டும். படிப்பை முடித்தவர் 'இசைக்கலைமணி' என்ற பட்டயம் பெறுவார்.

இதனால் விளைந்த பெரும்பயன் ஒன்று உண்டு. விண்ணப்பத்தாளில் "உன் பாட்டனார் எந்த வித்துவான்?" என்ற கேள்வி இல்லை. அம்பத்தூர்க் கடைசல்காரரின் மகனும் தஞ்சை வித்துவானின் மகனும் ஒரே வகுப்பில் உட்காரலாம். மௌலா பக்ஷ் இரவில் ஒளிந்து கேட்டதை இவர்கள் பகலில் பலகைமுன் அமர்ந்து கேட்கிறார்கள்.

கரவாடியிலிருந்து திருவரங்கம்

ஆயினும், கல்லூரி மட்டும் போதுமா? இக்கேள்விக்கு விடையாக ஒரு முஸ்லிம் இசைவாணரின் வாழ்க்கை நம்முன் நிற்கிறது. அவர் நாகசுரமேதை ஷேக் சின்ன மௌலானா (1924-1999).

ஆந்திரத்தில் ஒங்கோலுக்கு அருகிலுள்ள கரவாடியில் பிறந்தவர். அப்பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கோயில்களில் நாகசுரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அத்தகைய குடும்பமே அவருடையது. முதலில் தந்தையிடம் கற்றார். பிறகு சிலகலூரிப்பேட்டை ஷேக் ஆதம் சாகிபிடம் பயின்றார். இவ்வளவில் நின்றிருந்தாலும் தம் ஊரில் நல்ல வித்துவானாக வாழ்ந்திருப்பார். ஆனால் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் விளங்கிய தஞ்சாவூர் பாணி அவரைக் கவர்ந்தது. இராகத்தை அவசரமின்றி விரித்து, மூச்சை நீட்டிச் செல்லும் பாணி அது. அதைக் கற்கவேண்டி, தாமே பெயர்பெற்ற வித்துவானாக இருந்தும், தமிழகம் வந்து நாச்சியார்கோயில் இராஜம் பிள்ளை, துரைக்கண்ணு பிள்ளை சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் திருவரங்கத்திலேயே குடியேறினார்.

நாகசுரத்தின் அமைப்பை அறிந்தால் இந்தத் தேடலின் அருமை விளங்கும். ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நீண்ட குழல், அடியில் அணசு, மேலே கெண்டையில் செருகிய சீவாளி. சீவாளி என்பது நாணற்புல்லைப் பதப்படுத்திச் செய்யும் சிறு ஊதுவாய். விரல்கள் ஆளும் துளைகள் ஏழு. சுருதியைச் சரிசெய்யும் துளைகள் ஐந்து. வீணைக்கு உள்ளதுபோல் சுரத்தின் இடத்தைக் காட்டும் மெட்டு இதில் இல்லை. ஒரே துளையில் உதட்டின் அழுத்தத்தாலும், மூச்சின் விசையாலும், விரலைச் சற்றே விலக்குவதாலும் சுரம் அசைந்து கமகமாகிறது. அந்த அசைவு எவ்வளவு என்று எந்தக் குறியீட்டிலும் எழுத இயலாது. 'ளாது' எழுத்தைப் போன்றதே அதுவும். ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும், ஒருவர் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சின்ன மௌலானாவுக்கு 1977இல் பத்மஸ்ரீ விருதும், 1998இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் கிடைத்தன. எனினும் அவர் செய்த செயல்களில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. 1982இல் திருவரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் என்ற பயிற்சிக்கூடத்தை நிறுவி, நாகசுரம் கற்க வந்தவர்க்குக் கற்பித்தார். ஊர்விட்டு ஊர்வந்து, மொழி கடந்து தாம் தேடிப் பெற்றதை, தேடி வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்கினார். அவருடைய பேரர்களான காசிம், பாபு சகோதரர்கள் அம்மரபைத் தொடர்கிறார்கள். அவரிடம் பயின்ற ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபீ மஹபூப் தம்பதியர்க்கு 2020ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாகசுரம் என்றாலே ஆண்களின் கருவி என்றிருந்த உலகில், ஒரு முஸ்லிம் பெண்மணி அக்கருவியால் நாட்டின் விருதைப் பெற்றார் என்பது சிந்திக்கத்தக்கது.

மௌலா பக்ஷும் சின்ன மௌலானாவும் ஓர் உண்மையை நமக்குக் கூறுகிறார்கள். கல்லூரி கதவைத் திறக்கிறது. உள்ளே சென்றவன் ஓர் ஆசானைப் பற்றிக்கொண்டு, அவர் "இல்லை, மறுபடி" என்று சொல்வதைப் பல்லாண்டு பொறுத்தால்தான் வித்தை சேர்கிறது. கதவு மட்டும் கிடைத்தவனிடம் ஒரு தாள் இருக்கும், ஸனது இராது. ஆசான் மட்டும் போதும் என்றிருந்த காலத்தில், ஆசான் வீட்டுக்கு வெளியே நின்று ஏங்கியவர் எத்தனையோ பேர்.

மார்க்கத்தின் கேள்வி

இவ்வளவும் கூறிவிட்டு மார்க்கத்தின் கேள்வியைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. இசைபற்றி நம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு தொன்றுதொட்டு உண்டு. முற்றாக விலக்கியவர்களும் உண்டு. நிபந்தனைகளோடு அனுமதித்தவர்களும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (ஹிஜ்ரி 450-505) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஸமாஃ பற்றித் தனியே ஒரு பகுதி எழுதினார். இனிய குரலைக் கேட்பது தன்னளவில் விலக்கப்பட்டதன்று என்றும், பாடற்பொருள், பாடுபவர், கேட்பவர், கருவி ஆகியவற்றைக் கொண்டே தீர்ப்பு மாறும் என்றும் அவர் விளக்கினார். குடிகாரர் சபைகளின் அடையாளமாக விளங்கிய தந்தி, குழல் வகைகளை அவர் விலக்கியதையும் மறைக்கக்கூடாது. அவரைவிடக் கடுமையாகப் பேசியவர்களின் நூல்களும் நம் அலமாரியில் உள்ளன.

நான் இங்கே ஃபத்வா வழங்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஆலிமாகிய நாம், கேட்டவுடன் ஒரு சொல்லில் விடை கூறும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பிள்ளை எதைப் பாடப் போகிறான், எங்கே பாடப் போகிறான், எதற்காகக் கற்கிறான் என்று கேட்காமல் "வேண்டாம்" என்பது மார்க்கப் பற்றுமன்று, அறிவுமன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்தது அதுதான்.

இன்னொன்றும் உண்டு. தமிழ் முஸ்லிம்களிடம் பாட்டுச் செல்வம் குறைவன்று. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களும், முனாஜாத்துகளும், கிஸ்ஸாக்களும், படைப்போர்களும் ஏட்டிலும் அச்சிலும் கிடக்கின்றன. நாகூர் இ.எம். ஹனீபா (1925-2015) முறையான இசைப்பயிற்சி இன்றியே தம் குரலின் வலிமையால் நம் பாடல்களை ஊரெங்கும் ஒலிக்கச் செய்தார். அத்தகைய குரல் தலைமுறைக்கு ஒன்று பிறக்கும். மற்றவர்க்குப் பயிற்சியே வழி. பழைய பாடல்களை இன்ன இராகம், இன்ன தாளம் என்று அறிந்து பாடி, எழுதி வைத்து, அடுத்தவர்க்குக் கற்பிக்கக் கற்றவர் நம்மிடையே சிலராவது வேண்டாமா? மெட்டை அறிந்த முதியவர் ஒருவர் மறைந்தால் அந்த மெட்டும் அவரோடு கபுருக்குப் போகிறது.

தந்தைக்குச் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்து அந்தத் தந்தை வந்தார். நான் அவரிடம் கூறியவற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

"பாய், முதலில் பிழைப்பைப் பேசுவோம். பாட்டுப் படித்த எல்லாரும் மேடை ஏறுவதில்லை, அது உண்மை. படித்தவர் பள்ளிகளில் ஆசிரியராகலாம். மாவட்ட இசைப்பள்ளிகள் இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நம் சமூகத்துப் பிள்ளை ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் ஒரு கன்சர்வேட்டரியையே தொடங்கி, கருவியும் குரலும் கற்பிக்க வழி செய்தார். ஆனால் அவரைக் காட்டி உங்கள் மகனுக்கு ஆசை ஊட்டமாட்டேன். பெரிய வருமானம் வரும் என்று வாக்களிக்கவும் மாட்டேன். உங்கள் பட்டறையில் சேர்ந்த பையன் எத்தனை ஆண்டில் கை தேர்ந்தான்? முதல் மாதமே அவனிடம் நுட்பமான வேலையைக் கொடுத்தீர்களா? இதுவும் அப்படித்தான். பத்தாண்டுக் கணக்கு."

பிறகு பிள்ளையிடம் திரும்பினேன். "தம்பி, மூன்று நிபந்தனை. தொழுகை தவறக்கூடாது. கல்லூரிப் பாடத்தோடு நில்லாமல், உன் குரலைக் கேட்டுத் திருத்தும் ஓர் ஆசானைத் தேடி, அவரை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நீ கற்றதை நம் பழைய பாடல்களுக்குப் பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருநாள் இங்கே வந்து, எங்கள் கிழவர்கள் பாடும் முனாஜாத்தைக் கேட்டு, சுரம் எழுதி வைக்க வேண்டும். செய்வாயா?"

"செய்கிறேன் ஹஜரத்" என்றான். தந்தை சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விண்ணப்பம் வாங்கப் போகும்போது நீங்களும் கூட வருகிறீர்களா?" என்று கேட்டார். வருவதாக ஒப்புக்கொண்டேன்.

ஆவடி ரயில் நிலையத்தில் என்னிடம் கேள்வி கேட்டவர் இக்கட்டுரையைப் படிக்க நேருமாயின், அவருக்கு நான் தரவேண்டிய விடை இதுவே. காலம் கடந்து தரும் விடைக்காக அவர் என்னைப் பொறுத்தருள வேண்டும். அவரைப் போன்ற பிள்ளைகள் பூவிருந்தவல்லியிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய தந்தையர் நம்மைப் போன்றோரிடம் கேட்டு வருவார்கள். அவர்களுக்கு விடை கூறுமுன் ஒரு வாரமேனும் தவணை எடுத்து, நூல்களைப் புரட்டி, பிள்ளையின் குரலையும் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லும் நல்லறிவை இறைவன் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக.